டயர்க் கடையில் என் பெயர்

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நேப்பாளக்காரர் என் பெயரையே ஒரு தமிழ் வார்த்தை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஈப்போவுக்கு வெளியே, தேய்ந்துபோன லோரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் ஒரு கடையில் நான் வேலை செய்கிறேன். கடை என்று சொன்னாலும் அது பெரிய தகரக் கொட்டகை. அந்த நேப்பாளக்காரர் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். சுறுசுறுப்பான ஆள், தமிழை வேகமாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்று காலை ஒரு டயரின் ஓரம் சரியாக ஒட்டாமல் பிரிந்து வந்தது. எங்கள் கடையில் டயரைச் செய்தவன் அதன் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். அதில் எழுத்து இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"அண்ணே, நீ ஏன் பாக்குற? சந்தேலன்ல போடு."

நான் அவரையே பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார் போல. குழந்தைக்குச் சொல்வது மாதிரி நிறுத்தி நிறுத்தி விளக்கினார். "யார் தப்பு, தெரியாது. அதான் சந்தேலன். தமிழ் பேச்சு."

என் பெயர் சந்தேலன்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நான் 'அண்ணே'. கடையில் எல்லாருக்கும் நான் அண்ணேதான். பெயர் வேறு வேலைக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. அந்த டயரை உருட்டிக்கொண்டு போய், கெட்ட டயர்களுக்கான மூலையில், அவர் சொன்னபடியே போட்டேன். போட்டுவிட்டு வந்து மறுபடியும் டயர் தேய்க்க ஆரம்பித்தேன். இன்றும் எனக்கு உடம்பு எரிவது அதை நினைத்துத்தான். வாயைத் திறந்து, அது என் பேருய்யா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்தப் பெயர் வேறு யாருக்கும் கிடையாது. என் அம்மா செய்த பெயர் இது. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால்வெட்டு வேலை செய்தார். எனக்கு முன்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து இறந்தார்கள். ஒன்று பதினோராம் நாள், இன்னொன்று தவழ ஆரம்பித்த பிறகு. இரண்டுக்கும் சாமி பெயர் வைத்திருந்தார்கள். மூன்றாவதாக நான் பிறந்ததும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் எல்லாம் ஒரே பேச்சாக, குப்பன் என்றோ பிச்சை என்றோ வை, குப்பை மேட்டில் போட்டு எடு, அப்போதுதான் தங்கும் என்றார்கள். அது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படிப் பெயர் வைத்து, தங்கிய பிள்ளைகள் எங்கள் லயத்திலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எம்புள்ள குப்ப இல்ல என்று சொல்லிவிட்டாராம்.

அதன் பிறகு ஒரு வாரம் மரத்துக்கு மரம் நடக்கும்போது வாய்க்குள்ளேயே ஒலிகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். எந்தச் சாமிக்கும், எந்த ராசாவுக்கும், பக்கத்துத் தோட்டத்தில் எந்த ஆளுக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். யாரும் போட்டுக் கழற்றாத சட்டை மாதிரி என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன பேரு, என்ன அர்த்தம் என்று கேட்டார். "அர்த்தம் இருந்த பேரு ரெண்டு வெச்சுட்டேன் கிராணியாரே. இத எழுதுங்க" என்றார் அம்மா. அவர் எழுதினார். நான் தங்கினேன்.

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது என் பெயருக்கு முன்னால் மட்டும் சற்று நிற்பார். அந்த நிறுத்தம் எனக்குப் பிடிக்கும். அம்மாவின் வாயில் அது தினமும் வந்தது. சந்தேலன் வந்தாச்சா. சந்தேலனுக்கு எடுத்து வெச்சேன், யாரும் தொடாதீங்க. சந்தேலன் படுத்துட்டான், சத்தம் போடாதீங்க. இப்படித்தான் அந்தப் பெயர் வாக்கியத்தில் வர வேண்டும். அந்த வாக்கியங்களில் ஒரு ஆள் இருந்தான்.

அதைக் கெடுத்தவன் என் தோழன். ஒரே தோட்டம், ஒரே வகுப்பு. தோட்டத்தை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தபோது ஒரே லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் மச்சான். சொந்தம் எதுவும் இல்லை. இந்தக் கடையில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவன்தான். இப்போது அவன்தான் எங்களுக்கு மேலே. தோட்டப் பழக்கத்தில் அவனை மண்டோர் என்போம்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவன் மண்டோர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அச்சு வேலை. ரப்பர் சுற்றிய டயரை இரும்பு அச்சில் வைத்து மூடி, ஆவியில் வேகவைப்பது. நல்ல கையுள்ள ஆளைத்தான் அதில் போடுவார்கள். ஆவி முழுக்க அடங்கிய பிறகுதான் மூடியைத் தளர்த்த வேண்டும். அன்று மத்தியானம் அவனுக்கு ஏதோ அவசரம். அடங்குவதற்கு முன்னால் தளர்த்திவிட்டான். பெரிய சத்தம். மூடி பிய்த்துக்கொண்டு வளைந்தது, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. ஒருவருக்கும் அடிபடவில்லை, அதுவே பெரிய விஷயம். அவன் கையில் இருந்த ஸ்பானர் என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் தவுக்கே ஓடி வந்தார். வயசான சீன முதலாளி, நல்லவர்தான், கோபம் வந்தால் கண் தெரியாது. என் கையில் ஸ்பானரைப் பார்த்தார். நீயா என்று மலாயில் மூன்று தடவை கேட்டார். என் தோழன் என் பக்கத்தில் நின்றான். நான் பேசவில்லை.

பிற்பாடு சிலர், நான் அவனைக் காப்பாற்றினேன் என்று நினைத்தார்கள். அது பொய். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அன்றும் அடைத்துக்கொண்டது. தவுக்கே அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். மறுநாள் என்னை அச்சிலிருந்து எடுத்து, பழைய ரப்பரைச் சுரண்டித் தேய்க்கும் மெஷினில் போட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

ஒரு வாரம் கழித்து, பஞ்சர் ஒட்டுகிற ஒருவனை ஒரு லோரிக்காரன் அநியாயமாகத் திட்டிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் நின்றான். அப்போது என் தோழன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னடா சந்தேலன் மாதிரி நிக்கிற? வாயத் தொறந்து சொல்லேன்லா" என்றான். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு மாதத்தில் 'மாதிரி' காணாமல் போனது. சந்தேலனா நிக்காத. அவன் சந்தேலன் ஆயிட்டான்லா, பாவம். நேத்து வீட்டுல பொண்டாட்டி கேக்குறா, நான் ஒரே சந்தேலன். தவுக்கே வரும்போது யாராவது ஒளிந்தால், "சந்தேலன் போடுறான் பாரு." தெரியாத மாதிரி நடிப்பதற்கும் அதுவே. வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன் தலையில் கட்டும் வேலை சந்தேலன் வேலை. எழுத்து இல்லாமல் கெட்டுப்போன டயர்களைப் போடும் மூலைக்கு அந்தப் பெயரே வந்தது. எவனோ சுவரில் சிவப்பு பெயிண்டில், ரோமன் எழுத்தில், பெரிதாக எழுதினான். கொஞ்ச நாளில் தவுக்கே வாயிலும் வந்துவிட்டது. அவருக்கு நான் 'அண்ணே' என்கிற ஆள். சம்பளச் சீட்டை அவர் மகள் பார்ப்பாள். பேசாமல் நிற்கும் எவனைப் பார்த்தாலும், "ஜாங்கான் சந்தேலன்லா" என்பார். சந்தேலன் பண்ணாதே என்று எனக்கே சொல்லியிருக்கிறார்.

பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு அது ஒரு பெயர் என்பதே தெரியாது. குமாரோ முத்துவோ என்றால் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை வைத்து ஒருவனைக் கேலி செய்தால் மற்றவர்கள் சும்மா விட மாட்டார்கள். என் பெயருக்கு என்னைத் தவிர ஆள் இல்லை. நானோ பேசாதவன். அதனால் அது கேட்பாரற்ற பொருள் மாதிரி எல்லார் கைக்கும் போனது. யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்துப் பார்த்துச் செய்த என் அம்மா, இப்படி ஒரு வழியில் அது ஊருக்கே போய்ச் சேரும் என்று எங்கே கண்டார்.

வீட்டில் நான் இதைச் சொன்னதில்லை. மனைவிக்கும் மகளுக்கும் எப்படியோ தெரியும். கடைக்கு வரும் லோரிக்காரர்கள் ஊரெல்லாம் போகிறவர்கள்தானே.

மகள் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். அங்கே பழக்கமான ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். தெலுக் இந்தான் பக்கத்துப் பையன், எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். மரியாதையான பிள்ளை. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அவருக்கும் பதற்றம், எனக்கும் பதற்றம். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பேச்சு இல்லாத இடத்தை நிரப்புவதற்காகச் சாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் வந்த காடி அவர் லோரியில் மோதியது. மோதியவன் இறங்கி வந்து அவரையே குற்றம் சொன்னான். போலீசும் அவரையே பார்த்தார்கள்.

"நான் விடல அங்கிள். நல்லா பேசிட்டேன். நான் எதுக்கு சந்தேலன் ஆவணும்?"

என் மனைவி தட்டில் பலகாரத்தோடு நின்றாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எங்கப்பா பேரு" என்றாள்.

அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. எழுந்து நின்றுவிட்டார். அது மலாய்க்காரர் பேச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். மகளும் அவரிடம் தன் பெயரை மட்டும்தான் சொல்லியிருந்தாள், யார் மகள் என்கிற பகுதியை விட்டுவிட்டு. நான் பலகாரம் எடுத்துக்கோங்க என்றேன். கல்யாணம் நன்றாகவே நடந்தது. பத்திரிகையில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொன்னேன்.

போன மாதம் மகளுக்கு ஆண் குழந்தை. முதல் பேரன். தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது எங்களிடம் உண்டு. இப்போது யாரும் செய்வதில்லை. எண் பார்த்து, எழுத்துப் பார்த்து, டிவியில் கேட்டு வைக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொல்லிவிட்டாள், பையனுக்கு அப்பா பெயர்தான் என்று. பள்ளிக்கூடத்திலிருந்து அடையாளக் கார்டு வரைக்கும் தன் பெயருக்குப் பின்னால் அது நின்றிருக்கிறது, அதற்கு எந்தக் குறையும் இல்லை, கெட்டது அந்தக் கடைக்காரர்கள் வாய்தான் என்றாள்.

மாப்பிள்ளை உடனே மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பதிய வேண்டிய நாள் நெருங்கும்போது, என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "மாமா, கோவிச்சுக்காதீங்க. லோரி ஸ்டேண்டுல எல்லாருக்கும் அந்தப் பேச்சு தெரியும். நாளைக்கு இவன் ஸ்கூலுக்குப் போவான். எவனாச்சும் அப்பன் லோரிக்காரன் இருப்பான், மவன் கேட்டுட்டு வந்து சொல்லுவான். நான் கூட இருந்து அடிக்க முடியாதுல்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மகள் அழ ஆரம்பித்தாள். உங்களுக்கு வேணுமாப்பா, வேணாமா, நீங்களே சொல்லுங்க என்றாள்.

வேண்டும். எனக்கு அது அவ்வளவு வேண்டும். குழந்தையைக் கையில் வாங்கிய நேரத்திலிருந்து, யாரும் கேட்காதபோது, அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் மகள் கேட்டதும் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

மனைவி மகளுக்குப் பத்தியத்துக்குப் பூண்டு வதக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேசியது எல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. திரும்பாமலே சொன்னாள்:

"புள்ள கேக்குதுல்ல. ஒரு வார்த்த சொன்னா என்னா? எப்பப் பாத்தாலும் சந்தேலனா நின்னா நான் என்னா செய்றது?"

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம். என் மனைவி ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. கட்டியவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் வீட்டில் வளர்த்தது அப்படி. பெரியாஸ்பத்திரியில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் என் அடையாளக் கார்டை எடுத்து நீட்டுவாள். ஒரு தடவை கார்டு இல்லாமல் போய், நர்ஸ் கேட்கக் கேட்க, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவள் முதல் தடவையாகச் சொன்னாள், அதுவும் அந்தக் கடைச் சுவரில் எழுதியிருந்த அர்த்தத்தில்.

கரண்டி நின்றது. அவளுக்கும் புரிந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தாள், வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பூண்டு தீய ஆரம்பித்தது. நான்தான் அடுப்பை அணைத்தேன். அவளைத் திட்டவில்லை. அவளைத் திட்ட எனக்கு என்ன இருக்கிறது. அவள் இருபத்தெட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை அவள் வாயாலேயே எடுக்கவைத்து விட்டார்களே என்றுதான் இருந்தது. எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையிடம், நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வாங்க என்றேன். எதற்கு என்று கேட்டார். வாங்க என்றேன்.

பத்து மணிக்குத் தேநீர் நேரம். கொட்டகைக்கு வெளியே தகரச் சரிவின் கீழ் பலகை போட்டிருக்கும். ஒன்பது பேர் இருந்தோம். கோப்பி பிளாஸ்டிக் பையில் கட்டி வரும். ஆளுக்கொரு பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். மண்டோர் அவரைப் பார்த்ததும், "என்னா மச்சான், மாப்பிள்ளைய வேலைக்குக் கூட்டியாந்துட்டியா? தூசி திங்கத் தெரியுமான்னு மொதல்ல கேளு" என்றான். சிரித்தார்கள். இன்னொருவன், பெண் கொடுத்த வீட்டில் தூசி தின்னப் பழகித்தானே ஆக வேண்டும் என்று எடுத்துக் கொடுத்தான். இன்னும் சிரித்தார்கள்.

நான் உட்காரவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் மண்டோர் கையிலிருந்த கோப்பிப் பையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"இவருக்கு அந்தக் கதயச் சொல்லு."

"எந்தக் கத?"

"அச்சு மூடி போன கத. யாரு தளத்துனது?"

யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேருக்கு நான் என்ன பேசுகிறேன் என்று தெரியாது. மண்டோர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். இப்ப எதுக்கு மச்சான் பழசெல்லாம் என்றான். நான் மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே மெஷினை நிறுத்திக்கொண்டிருந்த ஆள்கூட வெளியே வந்து பார்த்தான்.

"நான்தான்" என்றான் மண்டோர். பிறகு, விட்டால் முடிந்துவிடும் என்பது போல வேகமாகப் பேசினான். "நான்தான் தளத்துனேன், இல்லன்னு சொன்னேனா? அன்னக்கி சாயங்காலமே ஒன் வீட்டுக்கு வந்தேன்லா. தவுக்கேகிட்ட சொல்லிர்றேன்னு சொல்லத்தான் வந்தேன். நீ மோட்டார் சைக்கிள் கழுவிக்கிட்டு இருந்த. விடு மச்சான்னு சொன்ன. சொன்னியா இல்லயா?"

சொன்னேன். அது உண்மை. அவன் வந்ததும் உண்மை, வாசலில் நின்றதும் உண்மை. நான் அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு விடு மச்சான் என்றேன். இத்தனை வருஷத்தில் அதை நான் வசதியாக மறந்திருந்தேன். அவன் மறக்கவில்லை. ஒரு கணம் எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னேன்" என்றேன். "தவுக்கேகிட்ட சொல்றத விடுன்னு சொன்னேன். எம்பேர எடுத்து ஊருக்குக் குடுன்னு சொல்லல. அது எங்கம்மா எனக்கு வெச்ச பேரு. ஒனக்குத் தெரியும். ஒனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

அவனுக்குத் தெரியும். என் அம்மா கையால் சாப்பிட்டவன் அவன். சந்தேலன் வந்தாதான் சோறு, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருங்க என்று அம்மா சொன்னதைக் கேட்டவன். கோப்பிப் பையைப் பலகையில் வைத்தான். அது சரிந்து ஒழுகியது.

நேப்பாளக்காரர்தான் முதலில் பேசினார். "அண்ணே, சந்தேலன் நீயா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கேலி இல்லை. பயந்துபோயிருந்தார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு நான் உள்ளே போய் பெயிண்ட் கரைக்கும் தின்னர் டப்பாவையும் கந்தல் துணியையும் எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். சுவரில் இருந்த சிவப்பு எழுத்து பழைய பெயிண்ட், லேசில் போகவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சுற்றிலும் சிவப்பாகப் பரவியது. ஒரு நாளில் எத்தனையோ டயர் தேய்க்கிற கை, ஒரு வார்த்தையைத் தேய்க்க முடியவில்லை. ஆத்திரத்தில் சுவரைக் குத்தினேன், விரல் முட்டியில் தோல் போனது. பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். இன்னொரு துணியை எடுத்துத் தின்னரில் நனைத்து, "நீங்க அந்தப் பக்கமா வாங்க மாமா, நான் இங்கேர்ந்து வாரேன்" என்றார். இரண்டு பேரும் தேய்த்தோம். தவுக்கே ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்து, தேநீர் நேரம் முடிந்துவிட்டது, அது யார் வெளி ஆள் என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளை ஹெல்மெட்டைப் போடுவதற்கு முன்னால் சொன்னார்:

"பேர வெக்கிறேன் மாமா. ஆனா இனிமே ஒருத்தன் அப்படி சொன்னா நீங்க சும்மா இருக்கக் கூடாது. லோரி ஸ்டேண்ட நான் பாத்துக்கிறேன். கடைய நீங்க பாக்கணும்."

புதன்கிழமை பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். மகள் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அதில் என் பெயர்தான், பிறந்த தேதி மட்டும் வேறு. மனைவி அதை வாங்கிப் பார்த்தாள், மடிக்காமல் அலமாரியில் வைத்தாள். இப்போது அவளுக்கு ஒரு சிக்கல். பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. 'குட்டி' என்கிறாள்.

கடையில் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பதினொரு வருஷப் பழக்கம். டயர் கெட்டால் அது வாயில் வந்துவிடுகிறது. வந்த நொடியே நான் மெஷினை நிறுத்துகிறேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னவன் எதிரில் போய் நின்று, கூப்பிட்டியா என்று கேட்கிறேன். இல்லண்ணே, சும்மா என்கிறான். சும்மா கூப்பிடாதே என்கிறேன். மெஷின் நின்றால் பின்னால் வேலை நிற்கும், தவுக்கே கத்துவார். கத்தட்டும். முதல் வாரம் பன்னிரண்டு தடவை நிறுத்தினேன். போன வாரம் நான்கு. மண்டோரிடம் நான் பேசுவதில்லை. அவனும் என் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டான். ஒரு நாள் அவன் வாயிலேயே வந்துவிட்டது. போய் அவன் எதிரிலும் நின்றேன். வாய் தவறிருச்சு மச்சான் என்றான். அவன் பார்வை மாறும்வரை நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

விடுண்ணே என்று இப்போது என்னிடம் மற்றவர்கள் சொல்கிறார்கள். நீ இவ்வளவு கோபக்காரன் என்று தெரியாமல் போச்சே என்கிறார்கள். எனக்குக் கோபம் குறையவில்லை. குறைய வேண்டிய அவசரமும் இல்லை. என் பேரன் ஒன்றாம் வகுப்புக்குப் போக இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. அதற்குள் அந்தக் கொட்டகையில் அந்த வார்த்தை சாக வேண்டும்.